உப்பும் ஒரு போர்ப்படமும்

(சேரப்பணஞ்சேரி மாணவன், இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் வாக்கு. எங்கள் ஊரில் கூழ் ஊற்றும் பாட்டிமார் இன்றும் இதைச் சொல்லக் கேட்கலாம். இந்தப் பழமொழியை மனத்திற்கொண்டு ஒரு ஜப்பானியப் படத்தை ஆராய்வோம்.

படத்தின் பெயர் 'நோபி'. தமிழில் 'சமவெளித் தீ' எனலாம். ஷோஹெய் ஓஓகாவின் 1951ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, கோன் இச்சிகாவா 1959இல் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் இது. ஓஓகா தாமே பிலிப்பைன்ஸில் போர்வீரராயிருந்து, 1945 ஜனவரியில் அமெரிக்கரிடம் சிறைப்பட்டவர். ஆகவே வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

கதை நடப்பது லெய்தே தீவில். ஜப்பானியப் படை தோற்றுச் சிதறிவிட்டது. தமுரா என்னும் சிப்பாய்க்குக் காசநோய். உணவு தேடவும் குழி தோண்டவும் உதவாதவன் என்று தலைவன் கன்னத்தில் அறைந்து விரட்டுகிறான். மருத்துவமனையில் சேர்க்காவிட்டால் கையெறி குண்டால் உயிரை மாய்த்துக்கொள் என்பது கட்டளை. மருத்துவமனையிலோ, சொந்தமாக உணவு கொண்டுவருவோர்க்கே இடம்! 'வேலைக்கு ஆகாதவன்' என்ற சொல்லின் பொருள், ஒப்பந்தக் கூலியை நம்பிய வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆளில்லாத ஊர் ஒன்றில், ஒளித்து வைத்த உப்பை எடுக்க ஓர் இளைஞனும் பெண்ணும் வருகிறார்கள். அலறிய பெண்ணைத் தமுரா சுட்டுவிடுகிறான். உப்பு அவன் கைக்கு வருகிறது. துப்பாக்கியை நீரில் எறிந்துவிடுகிறான். உப்புப் பையை விடவில்லை. பின்னர் எதிர்ப்பட்ட சிப்பாய்கள் அவனைச் சேர்த்துக்கொள்வதும் அந்தப் பைக்காகவே.

உப்பில் அப்படி என்ன இருக்கிறது? நாம் ஆய்வுக்கூடத்தில் சோடியம் குளோரைடு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நரம்புகளில் செய்தி ஓடுவதற்கும், தசை சுருங்குவதற்கும், இரத்தத்தில் நீரின் அளவு நிலைப்பதற்கும் சோடியம் வேண்டும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் 1 லிட்டரில் 9 கிராம் உப்பு உண்டு. வெப்பக் காட்டில் நாள்தோறும் வியர்வையில் உப்பை இழப்பவன் வெறும் நீரைக் குடித்துக்கொண்டிருந்தால் தசைப்பிடிப்பும் தலைச்சுற்றலும் மயக்கமும் வரும். எனவே சிப்பாய்கள் உப்பை மொய்ப்பது மிகைப்படுத்தல் ஆகாது.

அது எங்கோ நடந்த கதை என்று நண்பர்கள் கூறக்கூடும். இதே பட்டினி நம் மண்ணிலும் நடந்தது. 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி இம்பாலைப் பிடிக்கப் படையெடுத்தார். ஏறத்தாழ மூன்று வார உணவே கையிருப்பு. மாடுகளை ஓட்டிச்சென்று, பின்னர் அவற்றையே தின்னலாம் என்பது ஏற்பாடு. மாடுகள் பல சிந்துவின் ஆற்றிலும் மலைகளிலும் மாண்டன. கொஹிமாவில் 31ஆம் டிவிஷன் தளபதி சாத்தோ, அரிசியும் குண்டும் வராத நிலையில், மே இறுதியில் மேலிடத்தை மீறிப் பின்வாங்கினார். பதவி பறிபோயிற்று, புத்தி பேதலித்தவர் என்றும் முத்திரை குத்தினர். என் கருத்தில் அப்படையெடுப்பில் தெளிந்த புத்தியோடிருந்த தளபதி அவர்தாம். சுமார் 85,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்.

அவர்களோடு நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் முதல் டிவிஷனும் சென்றது. மலேயாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டிய தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்த இராணுவம் அது. இம்பால் சென்றவர்களிலும், மழையில் திரும்பும் வழியில் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் பட்டினியாலும் இறந்தவர்களே, சண்டையில் இறந்தவர்களைவிட மிகுதி.

இவர்களுள் பலர் முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து சிறைப்பட்டவர்கள். 'உப்பைத் தின்ற விசுவாசம்' என்பது அந்தப் படையில் பெரிய பேச்சு. யாருடைய உப்பு? 1930இல் வேதாரணியத்தில் இராஜாஜியும் தொண்டர்களும் அள்ளியதற்காகச் சிறை சென்றார்களே, அந்த உப்புத்தான்.

படத்துக்கு வருவோம். இறுதியில் சிப்பாய்கள் 'குரங்குக் கறி' என்று சொல்லி மனித மாமிசமே தின்கிறார்கள். தமுரா அதைத் தின்னாததற்குக் காரணம் ஒழுக்கமா, அவன் பற்கள் உதிர்ந்துபோனதா என்று நண்பர்களிடையே பெரும் வாதம் நடந்தது. பற்கள்தாம் என்பது என் கட்சி. தொலைவில் தீ தெரிகிறது. அங்கே சருகு எரிக்கும் உழவர்கள் இருப்பார்கள், சாதாரண மனிதர்களைப் பார்க்கலாம் என்று அவன் கைகளை உயர்த்தியபடி நடக்கிறான். அவர்களும் இவனுக்கு எதிரிகளே. குண்டு பாய்கிறது.