கட்டிய தவணை கணக்கில் ஏறட்டும்

கோட்டக்குப்பத்துக்காரர்களில் பலருக்கு வீடு விழுப்புரம் மாவட்டம், பிழைப்பு புதுச்சேரி. வங்கிக் கணக்கும் இரண்டு பக்கமும் இருக்கும். ஆதாரில் ஒரு முகவரி, பழைய கடன் பத்திரத்தில் இன்னொன்று. பெயரும் அப்படித்தான்: ஓரிடத்தில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. பெரிய கடனுக்குப் போகும்வரை இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

மாடி எடுக்கக் கடன் கேட்டு நான் வங்கிக்குப் போனேன். மேலாளர் என் கடன் வரலாற்று அறிக்கையைப் பார்த்துவிட்டு, "பாய், உங்க வண்டிக்கடன் இன்னும் முடியலைன்னு காட்டுதே" என்றார். கடைசித் தவணை வரை கட்டி, நிலுவையில்லாச் சான்றும் வாங்கி வைத்திருந்த கடன் அது. முடிந்த தகவலைக் கடன் கொடுத்த நிறுவனம் அந்த அறிக்கையைத் தயாரிப்பவர்களுக்கு அனுப்பவே இல்லை. அதைவிட எனக்கு வலித்தது வேறு. வருஷக்கணக்கில் ஒழுங்காகத் திருப்பிய நகைக்கடன்களில் ஒன்றுகூட அந்த அறிக்கையில் இல்லை.

அறிக்கையில் ஏறியிருப்பதை வைத்துத்தான் 300 முதல் 900 வரை ஸ்கோர் போடுகிறார்கள். ஏறாத தவணையால் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. ஆகவே அறிக்கை முழுமையாக இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில், நான்கு அறிக்கைகளையும் எடுங்கள். எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இந்த அறிக்கையைத் தரும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 முதல் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. என் நகைக்கடன்கள் வேறொரு நிறுவனத்தின் அறிக்கையில் சரியாக இருந்தன. பான் எண் இல்லாமல், இனிஷியலோடு பதிந்திருந்ததால் முதல் அறிக்கையில் சேராமல் போயிருந்தன.

அடுத்து, பெயர், பிறந்த தேதி, பான், முகவரி நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கடன் தந்த இடத்தில் பான் கார்டில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். பிறகு கடன்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முழுசாகக் கட்டியது 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். வசூலுக்கு வருபவர் "குறைச்சுக் கட்டி முடிச்சிடுங்க" என்று சொல்லி முடிக்கும் கடன் 'செட்டில்டு' என்று ஏறும். அடுத்துக் கடன் கேட்கும்போது அது இடைஞ்சல். மச்சானுக்கோ நண்பருக்கோ ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வரும்.

தவறு இருந்தால் கடன் தந்த நிறுவனம், அறிக்கை நிறுவனம் இரண்டுக்கும் சான்றோடு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு; 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. நிலுவையில்லாச் சான்றின் நகல்தான் காரியத்தை முடித்துக்கொடுத்தது. 2025 ஜனவரி முதல் கடன் தந்தவர்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், திருத்தம் முன்பைவிடச் சீக்கிரம் ஏறுகிறது.

தண்டல், சீட்டு, கைமாற்று எதுவும் அறிக்கையில் வராது. வளைகுடாவில் இருந்தபோது அங்கே ஒழுங்காகக் கட்டிய கடனும் இங்கே தெரியாது. அதனால் ஊர் திரும்பியவர்கள் பலரின் அறிக்கை வெறுமையாக இருக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். முதல்முறை கடன் கேட்பவரைப் பழைய கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது. கைக்கு அடங்கும் சிறு கடனில் தொடங்கி, தேதி தவறாமல் கட்டினால் கணக்கு தானே வளரும்.

வீட்டுப் பெண்களின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். மகளிர் குழுவில் வாரம் தவறாமல் கட்டுகிறவர்கள் அவர்கள். அந்த நாணயம் சரியான பெயரில், சரியான பான் எண்ணில் பதிந்திருந்தால், நாளைக்குத் தையல் கடையோ இட்லிக் கடையோ வைக்க அவர்களே தங்கள் பெயரில் வங்கிக்கடன் கேட்கலாம். வேறு யாருடைய ஜாமீனுக்கும் காத்திருக்க வேண்டாம்.