கார்த்திகை மாதக் கணக்கைக் கேட்பவரிடம் கடன் வாங்கு

அன்புள்ள தங்கைக்கு,

போன வாரம் கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் பார்த்தபோது, சாக்லேட் செய்யும் அறையைப் பெரிதாக்க 8 லட்சம் வேண்டும் என்றாய். மூன்று பேர் தரத் தயாராக இருக்கிறார்கள், யாரை நம்புவது என்றும் கேட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் கிளம்பினேன். மலையில் புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் மீதியைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கடை வைத்த புதிதில் ஏப்ரல் சீசனுக்குச் சரக்கு எடுக்க அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. தண்டல்காரர் ஒருவர் கடைக்கே வந்து, நின்றபடியே எண்ணிக் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கடன் 10,000 ரூபாய். 1,500 பிடித்தம் போகக் கையில் 8,500. தினம் 100 வீதம் நூறு நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய ஆள் வண்டியை அணைக்காமலே வாசலில் நிற்பான். பணம் கொடுத்தால் மஞ்சள் அட்டையில் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான் ரசீது.

பதினைந்து வட்டிதானே என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஐம்பதாவது நாளில் ஏறக்குறையப் பாதிக் கடன் அடைந்துவிட்டது. ஆனால் முழுப் பணத்துக்கும் நூறு நாளுக்குமான வட்டி முதல் நாளே பிடித்தாகிவிட்டது. வருஷக் கணக்கில் அது 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. சீசன் முடிந்து, ஜூன் மூடுபனியில் ஈ காக்கா வராத நாளிலும் ஆறு மணிக்கு வண்டிச் சத்தம் மட்டும் தவறாமல் கேட்டது.

அதனால் வட்டியை எப்போதும் ஒரே அளவுகோலில் அள. ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் அது மாதத்துக்கு, வருஷத்துக்கு 36. ஃபைனான்ஸில் ‘12 சதவீதம் ஃப்ளாட்’ என்பார்கள். ஒரு லட்சம் வாங்கிப் பன்னிரண்டு தவணையில் கட்டினால் மாதம் 9,333 ரூபாய். நீ அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்குத்தான். குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கு மேல். பேங்க்கில் சொல்லும் 12-ம் இதுவும் ஒன்றல்ல.

இந்தக் கணக்கை நீ போட வேண்டியதுகூட இல்லை. 2024 அக்டோபர் முதல், சிறு தொழில் தவணைக் கடனுக்குக் கையெழுத்து வாங்கும் முன்பே ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளை பேங்க்கும் பதிவு பெற்ற ஃபைனான்ஸ் நிறுவனங்களும் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உனக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பிராசசிங் கட்டணம் முதலான எல்லாச் செலவையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரே எண்ணில் அதில் இருக்கும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உன் சம்மதமில்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. மூன்று பேரிடமும் அதைக் கேள். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்கிறவரை அங்கேயே விட்டுவிடு. பூர்த்தி செய்யாத செக்கிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்பவரிடம் டீ கூடக் குடிக்காதே.

ஆனால் தாள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை நான் 2020-ல் கற்றேன். அந்த வருஷம் ஏப்ரல், மே சீசன் முழுக்க ஊரடங்கில் போயிற்று. ஏரியைச் சுற்றி ஒரு சைக்கிள்கூட ஓடவில்லை. அப்போது எனக்கு பேங்க் கடன் ஒன்று, வெளிக்கடன் ஒன்று. ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தது. பேங்க் கடனுக்கு வட்டி ஏறத்தான் செய்தது. ஆனாலும் மூச்சு விட முடிந்தது. வெளிக்கடன்காரருக்கு அந்த உத்தரவு எதுவும் பொருந்தவில்லை. கடன் கொடுத்தவர் எப்படிப்பட்டவர் என்பது, நீ கட்ட முடியாத மாதத்தில்தான் தெரியும்.

நம் மலையில் அந்த மாதம் வருஷா வருஷம் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலைச்சாலையில் மண் சரிந்தால் வியாபாரம் படுத்துவிடும். சீசனிலும் பழைய கூட்டத்தை நம்ப முடியாது. 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று வரம்பு வைத்தது. எனவே மே மாத விற்பனையை மட்டும் பார்த்து அள்ளிக் கொடுப்பவர் உன் தொழிலைப் பார்க்கவில்லை, உன் நகையைப் பார்க்கிறார். ‘நவம்பரில் எவ்வளவு ஓடும்?’ ‘கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா?’ என்று குடைகிறவர்மேல் கோபப்படாதே. அனுமதி மீறிய விடுதிகளுக்கு இங்கே சீல் வைத்ததை நீயும் பார்த்தவள்தானே.

8 லட்சம் என்பது முத்ரா கடனில் ‘தருண்’ பிரிவுக்குள் வரும். குறு, சிறு தொழிலுக்கான இந்த அளவுக் கடனுக்கு பேங்க் அடமானம் கேட்கக் கூடாது. உத்யம் பதிவை முடித்துவிட்டு, மானியம் ஏதாவது பொருந்துமா என்று திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேள். ஃபைனான்ஸ் என்றால் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார். பேங்க்கிலோ ஃபைனான்ஸிலோ புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448-ல் வழி சொல்வார்கள். தண்டல்காரரைப் பற்றி அங்கே முறையிட முடியாது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்குப் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டும்.

திங்கட்கிழமை மூன்று பேரிடமும் போ. போகும்போது மே மாதக் கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, போன கார்த்திகைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போ. அதைப் பார்த்த பிறகும் கொடுக்கிறேன் என்பவரிடம், அந்த மாதத்தில் உன்னால் கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணன், பக்கத்துக் கடைக்காரன்
கொடைக்கானல்