தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கி

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் வாளையாறு, கோபாலபுரம். இடுக்கியின் எல்லையில் போடிமெட்டு, குமுளி. இச்சோதனைச் சாவடிகளின் வழியே போய்வரும் மாணவன், காவல் அதிகாரியின் இடுப்பில் தோலுறைக்குள் தொங்கும் கைத்துப்பாக்கியைப் பார்த்திருப்பான். அவன் வீட்டார் அறிந்த துப்பாக்கியோ வேறு. மலையோரக் கிராமங்களில் பயிரைக் காக்க உரிமம் பெற்று வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022ஆம் ஆண்டில் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தபோது அதைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. அது ஒருமுறை சுட்டதும் காலியாகிவிடும். வனத்துறையினரின் மயக்க ஊசித் துப்பாக்கியும் பெரும்பாலும் அத்தன்மையதே. 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் யானைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் செலுத்த நேர்ந்தது; இவ்வகைத் துப்பாக்கியில் ஒவ்வோர் ஊசியையும் தனித்தனியே ஏற்றவேண்டும்.

இவற்றைப் பார்த்துப் பழகியவர் மனத்தில் "சுட்ட துப்பாக்கி வெறுந்துப்பாக்கி" என்னும் எண்ணம் ஊன்றிவிடுகிறது. இராணுவமும் காவல்துறையும் உபயோகிக்கும் கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் உயிருக்கே ஆபத்தானது. அது சுட்ட மறுகணமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு காத்திருக்கிறது.

நமது படைகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது 9 மி.மீ. 1ஏ என்னும் கைத்துப்பாக்கி. மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவாவது. இதன் மூல வடிவத்தைத் தொடங்கியவர் அமெரிக்கரான ஜான் பிரவுனிங். அவர் 1926இல் பெல்ஜியத்தில் காலமானபின், டியுடோன்னே செய்வ் என்பவர் வேலையைத் தொடர்ந்து முடித்தார். 1935இல் பெல்ஜியப் படை அதை ஏற்றது. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியம் ஜெர்மானியர் வசமாகவே, கனடாவின் டொரான்டோ நகரிலிருந்த இங்கிலிஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. அந்தக் கனடா வடிவமே இச்சாப்பூருக்கு முன்மாதிரி. பழைய வெப்லி ரிவால்வரில் 6 தோட்டாக்கள். இதன் கைப்பிடிக்குள் செருகப்படும் மாகசினில் 13.

இனி அதன் இயக்கத்தைக் காண்போம். வெடிமருந்து எரிந்து எழும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. குண்டின் எடை சுமார் 7.5 கிராம், அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர், துப்பாக்கியின் எடை சுமார் 900 கிராம் என்று கொள்வோம். துப்பாக்கி குண்டைப்போல் 120 மடங்கு கனமானது. ஆதலால், வாயுவின் பங்கை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், அது பின்வாங்கும் வேகம் 350ஐ 120ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவே. அதாவது விநாடிக்கு 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டின் உந்தமும் சமம். ஆயினும் இயக்க ஆற்றலில் குண்டின் பங்கு 120 மடங்கு. சுடுபவர் கை குலுங்குவதோடு நிற்க, எதிரே நிற்பவர் உயிர் போவது இதனால்தான்.

ஒற்றைக்குழல் துப்பாக்கியில் இப்பின்னுதைப்பு தோளில் பட்டு வீணாகிறது. பிரவுனிங் அதற்கு ஒரு வேலை கொடுத்தார். குழலும், அதன்மேல் கவிந்துள்ள ஸ்லைடு என்னும் பாகமும் சுடும்போது ஒன்றோடொன்று பூட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்வாங்குவதற்குள் குண்டு குழலைவிட்டுப் போய், வாயுவின் அழுத்தம் தணிந்துவிடும். அப்போது குழலின் பின்முனை கீழே சாய்ந்து பூட்டு விடுபடுகிறது. ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே ஓடி, வெறும் பித்தளைக் கூட்டை வெளியே எறிந்து, சுத்தியலை மடக்கி வைக்கிறது. பிறகு சுருள்வில் அதை முன்னே தள்ள, மாகசினின் மேல் தோட்டா குழலின் அறைக்குள் போய்ச் சேருகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள்! விசையை விட்டு மறுபடி இழுத்தால்தான் அடுத்த குண்டு பாயும். இதைப் பகுதித் தானியங்கி என்பது அதனால்தான்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். மாகசினை உருவிய பின்னும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கும். அதைக் காலி செய்வதில் வரிசை முக்கியம். முதலில் மாகசினை எடுத்து, அதன்பின் ஸ்லைடைப் பின்னே இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்வது பயிற்சி பெற்றோர் முறை. வரிசை மாறி, முதலில் ஸ்லைடை இழுத்தால், அறையிலிருந்த தோட்டா வெளியே விழும். அதைக் கண்டு "காலியாயிற்று" என்று எண்ணும் வேளையில் மாகசினிலிருந்து வேறொன்று உள்ளே ஏறிவிடும். பிரவுனிங் வடிவில் மாகசின் இல்லாதபோது விசை வேலை செய்யாதபடி ஒரு தடை உண்டு. எல்லாக் கைத்துப்பாக்கிகளிலும் அது கிடையாது. உள்ளவற்றிலும் அதை நம்பியிருத்தல் தகாது.

வகுப்பில் துப்பாக்கி இன்றியே இவ்விதியைக் காட்டலாம். இரண்டு சிறு வண்டிகளுக்கு நடுவே ஒரு சுருள்வில்லை அமுக்கி, வண்டிகளை நூலால் கட்டுங்கள். ஒன்றில் கற்களை ஏற்றி, நூலைத் தீக்குச்சியால் எரித்தால் இரண்டும் விலகி ஓடும். கனமான வண்டி மெதுவாகவும் குறைந்த தூரமும் ஓடும். இப்பாடத்தின்போதே, காட்டோரத்தில் தோட்டா எதையேனும் கண்டால் தொடாமல், அவ்விடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கோ வனக் காவலருக்கோ தெரிவிக்கும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். துருப்பிடித்து மண்ணில் புதைந்த தோட்டாவும் அதில் அடங்கும்.