தொய்ந்த தோலுக்குக் கத்தியில்லா சிகிச்சை: தேர்ந்தெடுப்பது எப்படி?

கன்னம் இறங்கித் தாடைக்கோடு மங்கத் தொடங்கியதும், ‘எந்த மெஷின் நல்லது?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். உங்கள் முகத்தில் குறை எது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

1. குறையைக் கண்டறியுங்கள்

பகல் வெளிச்சத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடி பாருங்கள். பிறகு மல்லாந்து படுத்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். படுத்ததும் தாடைக்கோடு தெளிவானால் அது தொய்வு. சிரிக்கும்போதும் புருவம் சுருக்கும்போதும் மட்டும் விழும் கோடுகள் தசையால் வருபவை; அவற்றுக்கு போடாக்ஸ். கன்னம் ஒட்டிப்போயிருந்தால் ஹயலுரானிக் அமில ஃபில்லர்.

2. அடிப்படையைத் தொடங்குங்கள்

காலையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். இரவில், மருத்துவர் எழுதித்தரும் ட்ரெட்டினாயின் க்ரீம் பட்டாணி அளவு; முதலில் வாரம் 2 இரவுகள் போதும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

3. சிகிச்சைகளை ஒப்பிடுங்கள்

ஹைஃபூ: அல்ட்ராசவுண்ட் அலைகள் 4.5 மி.மீ. ஆழம் வரை குவிந்து சூடேற்றும். லேசான, நடுத்தரத் தொய்வுக்கு ஏற்றது. வலி உண்டு, ஒல்லியான முகத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

ரேடியோ ஃப்ரீக்வென்சி: நடுத்தோலைச் சூடாக்கிக் கொலாஜன் புரதத்தை இறுக்கும். மாநிறத் தோலுக்கும் ஒத்துவரும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது.

மைக்ரோநீட்லிங் ஆர்.எஃப்.: அதே சூட்டை நுண்ணூசி வழியே செலுத்துவது. தொய்வோடு பருத்தழும்பும் இருந்தால் பொருந்தும். சில அமர்வுகள் தேவை.

ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர்: சுருக்கத்துக்கும் தழும்புக்கும் வலுவானது. ஆனால் பல நாள் சிவந்து பொருக்கு உதிரும். நம் மாநிறத் தோலில் கருமை படியும் ஆபத்து அதிகம்.

4. கேட்டுத் தெளியுங்கள்

சிகிச்சை செய்யப்போவது தோல் மருத்துவரா? என் நிறத்துக்கு மெஷினின் அளவை எப்படி மாற்றுவீர்கள்? கருத்துப்போனால் என்ன செய்வீர்கள்? தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, உதட்டில் அடிக்கடி வரும் கொப்புளம், சாப்பிடும் மருந்துகள் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

5. பொறுத்திருங்கள்

புதிய கொலாஜன் உருவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதே வெளிச்சம், அதே கோணத்தில் முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

கழுத்துத் தோல் மடிந்து தொங்கினால் இவை எதுவும் போதாது. அறுவை சிகிச்சைதான் வழி. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லும் மருத்துவரை நம்புங்கள். ‘இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி’ என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.