கண்மூடிக் கிடந்தால் நடிப்பா?

கேள்வி: வீட்டில் சண்டை வந்தாலே என் தங்கை கண்ணை மூடிச் சாய்ந்துவிடுகிறாள். கூப்பிட்டால் பதிலில்லை. பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருப்பதால் மன அழுத்தம்தான் என்கிறார் டாக்டர். நடிக்கிறாளா?
- வாசகி, சுங்காய்

பதில்: நடிப்பில்லை, அம்மா. தாங்க முடியாத பாரம் வரும்போது மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. உடம்பும் அதோடு அடங்கிவிடுகிறது. அவள் வேண்டுமென்று செய்வதல்ல.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நாடி, மூச்சு, சர்க்கரை எல்லாம் சீராக இருக்கும். இமையைத் திறக்கப் போனால் இறுக மூடிக்கொள்ளும். மூளை அலைப் பதிவு விழித்திருப்பவருடையதைப் போலவே இருக்கும். ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார். சர்க்கரை இறங்குவது, வலிப்பு, பக்கவாதம், விஷம் எல்லாவற்றையும் விலக்கிய பிறகே சொல்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது: கிள்ளாதீர்கள், அறையாதீர்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். "நான் இங்கேதான் இருக்கேன், மெதுவா எழுந்துக்கோ" என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். பெரும்பாலும் காதில் விழும். ஆகவே பக்கத்தில் நின்று குறை பேசவேண்டாம். மூச்சு திணறினாலோ, அடிபட்டிருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ 999-ஐ அழையுங்கள்.

பிறகு மனநல ஆலோசனை தேவை. 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரை நம்மவர்கள் கேலிக்குப் பயன்படுத்தியே பழகிவிட்டோம். அதனால் வரும் கூச்சம்தான் சிகிச்சைக்கு முதல் தடை.