விதையிலிருந்து ஒரு கள்ளி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

முள்செடி வீட்டுக்கு ஆகாது என்பது பெரியோர் பேச்சு. கள்ளி என்றதும் வேலியோரத்துத் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பால் வடியும் இவை உண்மையில் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரவியலார் 'கேக்டேசி' என்றழைக்கும் கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததே. பஞ்சு போன்ற சிறு திட்டுகளிலிருந்து முட்கள் கிளம்புவது இக்குடும்பத்தின் அடையாளம்.

பாலைவனச் செடிதானே, காய்ந்த மணலில் தூவினால் முளைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வளர்ந்த கள்ளிக்கு நீரைச் சேமிக்கும் தண்டு உண்டு. சின்னஞ்சிறு நாற்றுக்கு அது ஏது? இயற்கையில் மழைக்குப் பின், புதர்களின் நிழலில்தான் பல கள்ளிகள் முளைத்துப் பிழைக்கின்றன. அந்த நிழலையும் ஈரத்தையும் வீட்டில் உண்டாக்கித் தருவதே நம் வேலை.

செய்முறை எளிது. ஆற்றுமணலுடன் சலித்த செம்மண்ணைக் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட வேண்டும். நாற்றழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சைகள் இதனால் குறையும். அடியில் துளையிட்ட சிறு தொட்டியில் இக்கலவையை நிரப்பி, நீருள்ள தட்டில் வைத்தால் ஈரம் கீழிருந்து ஏறும். பழத்தின் சதையைக் கழுவி நிழலில் உலர்த்திய விதைகளை மேலே தூவினால் போதும். மண்ணால் மூடக் கூடாது. பல வகை விதைகள் முளைக்க வெளிச்சம் தேவை. தொட்டியின் வாயைப் பாலிதீன் தாளால் கட்டி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கலாம்.

பெரும்பாலான உருண்டைக் கள்ளிகள் 1 முதல் 3 வாரங்களில் முளைக்கும். சப்பாத்திக்கள்ளி விதையின் உறை கடினமானது. அதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் அது முளைக்கும்போது இரண்டு விதையிலைகள் தெளிவாகத் தெரியும். கள்ளி இருவிதையிலைத் தாவரம் என்ற பாடத்தை அன்று கண்ணாலேயே காணலாம். சில வாரங்கள் கழித்துத் தாளில் துளையிட்டு, நாற்றுகளை வெளிக்காற்றுக்குச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? மெக்சிகோவின் தங்கப் பீப்பாய்க் கள்ளி உலகெங்கும் தோட்டங்களை அலங்கரிக்கிறது, தாயகத்திலோ அருகிவிட்டது. பலர் தோண்டி எடுத்து விற்றனர்; 1990-களில் கட்டிய சிமாபான் அணையின் நீரில் அதன் வாழிடத்தில் ஒரு பகுதி மூழ்கியது. விதையிலிருந்து வளர்க்கும் ஒவ்வொரு செடியும் காட்டுச் செடியைத் தோண்டும் தேவையைக் குறைக்கிறது.

மாமில்லேரியா வகைகள் பல பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இன்று நாம் விதைத்தால், நாம் பட்டம் பெற்றுச் சென்ற பிறகே முதற்பூ மலரும். அதைக் காணப்போகும் தம்பி தங்கையருக்காகவேனும் துறைத் தோட்டத்தில் ஒரு தொட்டி வைப்போம்.