கைப்பணிப் பாடம்: களிமண்ணில் பூச்செய்தல்

வயலை விட்டு வந்தவர்களிடம் இன்று நிலம் இல்லாதிருக்கலாம். மண்ணைப் பற்றிய அறிவு இருக்கிறது. எந்த மண் ஒட்டும், எந்த மண் வெடிக்கும் என்பதை நெற்செய்கையாளர் கையால் தொட்டே சொல்வர். அந்த அறிவைக் கொண்டு, சக்கரமும் சூளையும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு கைப்பணியை இப்பாடத்தில் கற்போம்.

சுட்ட மண்பூ வெயிலில் வாடாது, மழையில் கரையாது. பிரான்ஸ் நாட்டுக் கல்லறைகளிலே இத்தகைய பூக்களால் ஆன வளையங்களைக் காணலாம். நம்மிடையேயும், சொந்த ஊர்ச் சேமக்காலைக்கு நவம்பர் 2ஆம் திகதி மட்டும் போய்வரும் குடும்பங்கள் உண்டு. காகிதப் பூ ஒரு மழையோடு போய்விடும். மண்பூ அடுத்த முறை போகும்வரை இருக்கும்.

1. மண் எடுத்தல்

கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியில் ஒருபோதும் தோண்ட வேண்டாம். முதலில் கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். குளக்கட்டில் மண் எடுக்கக்கூடாது. குளத்தின் உள்ளே எடுப்பதானால் கமக்காரர் அமைப்பிடம் அனுமதி பெறுங்கள். பத்துப் பூவுக்கு ஒரு சிறிய வாளி மண் போதும்.

2. மண்ணைச் சோதித்தல்

(அ) ஈரமண்ணைப் பென்சில் தடிப்பில் உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காவிட்டால் நல்ல மண்.

(ஆ) ஒரு மண் தட்டில் 10 சென்ரிமீற்றர் நீளக் கோடு கீறிக் காயவிடுங்கள். கோடு 9 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் பூ காயும்போது வெடிக்கும். பத்துப் பங்கு களிக்கு ஒரு பங்கு அரித்த நுண்மணல் சேருங்கள்.

(இ) காய்ந்த மண்ணில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. சுண்ணாம்புக் கல்லோ சிப்பித் துண்டோ சூட்டில் நீறி, பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, பூவை உடைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

3. பதப்படுத்தல்

மண்ணை உலர்த்தி, இடித்து, இரண்டு நாள் நீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடியுங்கள். அடியில் தங்கும் களியைச் சாக்கின்மேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் நன்கு பிசையுங்கள். உள்ளே காற்று இருக்கக்கூடாது. பொலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் மண் இன்னும் இளகும்.

4. பூ அமைத்தல்

முதலில் ஐந்து இதழுள்ள நித்தியகல்யாணியில் பழகுங்கள். பின்னர் றோசா செய்யலாம். றோசாவுக்குச் சிறு கூம்பு ஒன்று உருட்டுங்கள். கச்சான் பருப்பளவு உருண்டைகளைப் பெருவிரலால் தட்டி இதழாக்குங்கள். ஓரம் மெல்லிதாகவும் அடி சற்றுத் தடிப்பாகவும் இருக்கட்டும். இதழின் அடியில் களிக்கூழ் தடவி, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு கூம்பைச் சுற்றி ஒட்டுங்கள். காய்ந்த இதழில் ஈர இதழ் ஒட்டாது. எல்லாம் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். இலைக்கு, தட்டிய மண்ணில் உண்மையான இலையை அழுத்தினால் நரம்பு பதியும். பூவின் அடியில் ஈர்க்கினால் துளையிடுங்கள். நீராவி வெளியேறவும் பின்னர் கம்பி கோக்கவும் அது உதவும். மண் சுருங்குமாகையால் துளை கம்பியைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

5. உலர்த்தல்

நிழலில் ஒரு வாரம் வையுங்கள். முதல் இரண்டு நாளும் துணியால் மூடுங்கள்; இல்லாவிட்டால் மெல்லிய ஓரம் முந்திக் காய்ந்து வெடிக்கும். பூவைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இன்னும் உண்டு. இந்நிலைவரை பழுதான பூவை நீரில் ஊறவிட்டு மீண்டும் வனையலாம். எரேமியா குயவன் வீட்டிற் கண்டதும் இதுவே. சுட்ட பின் அது முடியாது.

6. சுடுதல்

கிடுகுக் கூரைகளுக்கும் கூடாரங்களுக்கும் அருகில் தீ மூட்ட வேண்டாம். காற்றில்லாத நாளில், வெட்டையான இடத்தில், வாளி நீரோடு பெரியவர் ஒருவர் நிற்கட்டும். பல குடும்பங்கள் ஒன்றாகச் சுட்டால் விறகு மிச்சம்.

அரை முழ ஆழக் குழியின் அடியில் உமி பரப்புங்கள். பூக்களைப் பழைய மண்சட்டியில் அடுக்கி, ஓட்டுத் துண்டால் மூடி, அதன்மேல் வையுங்கள். முதலில் சுற்றிலும் சிறு தீ மட்டும் ஒரு மணி நேரம் எரியட்டும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூவைச் சிதறடிக்கும். பின்னர் பொச்சு, சிரட்டை, விறகு என்பவற்றை மேலே குவித்து மூன்று நான்கு மணி நேரம் எரியுங்கள். சட்டி மங்கிய சிவப்பாகத் தணலவேண்டும். பிளாஸ்ரிக், ரயர் எரிக்கவேண்டாம். மறுநாள் ஆறிய பின்பே திறவுங்கள். கரும்புள்ளிகள் புகையால் வருபவை, அவை குறையல்ல. ஒரு பூவை இரவு முழுவதும் நீரில் போடுங்கள். கரைந்தால் சூடு போதவில்லை.

7. விற்பனை

இதற்காகக் கடன் வாங்கவேண்டாம். பயிர்ச்செய்கைக்கு இது மாற்றும் அல்ல. வேலையற்ற மாதங்களுக்கு ஒரு துணை. முதலில் பத்துப் பூ செய்து, ஆலயத்திலும் சந்தையிலும் காட்டி, கேட்பவர் உண்டா என்று அறிந்த பின் கூடுதலாகச் செய்யுங்கள். விலை வைக்கும்போது விறகையும், உடைந்த பூக்களையும், உங்கள் கைவேலை நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

குழுவில் கலந்துரையாட:

1. நம் இடத்தில் பாதுகாப்பாக மண் எடுக்கக்கூடிய இடம் எது? யாரிடம் கேட்கவேண்டும்?
2. நம்மிடையே முன்னர் மண்வேலை செய்த முதியோர் உண்டா? அவர்களிடம் எதைக் கற்கலாம்?
3. வரும் நவம்பருக்கு எத்தனை குடும்பங்களுக்குப் பூ தேவைப்படும்?